யோனத்தான் என்ன செய்தான்?

பொறுமையிழந்தவர்கள் – 9

கில்காலில் இஸ்ரவேல் அரசன் சவுல் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. மிக்மாசில் பெலிஸ்தர் பெரும்படையோடு இறங்கியிருந்தார்கள். சவுலின் ஆட்கள் குகைகளிலும் புதர்களிலும் ஒளிந்துகொண்டார்கள். சிலர் யோர்தானைத் தாண்டியே போய்விட்டார்கள். ஏழு நாள் பொறுத்திரு, நான் வந்து பலி செலுத்துகிறேன் என்று சொல்லிப்போன தீர்க்கதரிசி சாமுவேலையும் காணவில்லை. ஏழு நாளும் சவுல் பொறுத்துத்தான் இருந்தான். அதற்குமேல் முடியாமல் தானே தகனபலியைச் செலுத்தினான். செலுத்தி முடிக்கிற நேரத்தில் சாமுவேல் வந்து நிற்கிறார்.

1 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் சவுல் மேல் எனக்கு இரக்கம்தான் வருகிறது. அவன் சிலையை வணங்கவில்லை, கொள்ளையடிக்கவில்லை. செய்தது ஒரு வழிபாடு. ஆனால் அவனுக்கு உரிமையில்லாத வழிபாடு. கடவுள் சொன்ன நேரத்தைத் தன் பயத்தை வைத்துத் திருத்திக்கொண்ட வழிபாடு. உன் அரசாட்சி நிலைக்காது என்று அன்றே தீர்ப்பு வந்துவிட்டது. அதன் பிறகும் சவுல் பல காலம் அரியணையில் இருந்தான், போர்களில் வென்றான். தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

இந்த வாரம் நான் கேட்க நினைப்பது வேறு கேள்வி. யோனத்தான் என்ன செய்தான்? சவுலின் மகனான அவனுக்கு அந்தப் பலியில் பங்கில்லை. அடுத்த அதிகாரத்திலேயே ஆயுதம் சுமக்கும் ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு எதிரியின் காவல் முனைக்கு ஏறிப்போகிறான். கடவுளை நம்பிக் காரியத்தில் இறங்கியவன் அவன். ஆனாலும் அவனுக்கு வரவேண்டிய சிங்காசனம் வரவில்லை. கடைசியில் கில்போவா மலையில் தகப்பனோடு அவனும் விழுந்தான்.

ஒருவன் பொறுமையிழந்ததற்கு இன்னொருவன் விலை கொடுத்தான். இதன் பொருள் விளங்கவேண்டுமானால் குன்னத்தூர்க்காரர்கள் கில்கால் வரைக்கும் போகவேண்டாம். ஊத்துக்குளி வழியாகத் தெற்கே போனால் நொய்யல் வந்துவிடும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூரைத் தொட்டு, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிற ஆறு. அதன் கரையில்தான் பதிற்றுப்பத்து பேசும் கொடுமணல் இருக்கிறது. அதே பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணையும் இருக்கிறது.

சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்ட அணை. 1992இல் பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சாயத்தண்ணி தேங்கும் குட்டையாகிவிட்டது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டால் கழிவுநீரின் நிறம் குறையும், கசடு அடியில் படியும். கரைந்த உப்பு அப்படியே நிற்கும். அந்த உப்புதான் ஆற்றில் இறங்கி, அணையில் தேங்கி, மண்ணுக்குள் கசிந்து கிணறுகளுக்குள் போனது. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய உழவர்கள், அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று கேட்டுப் போராடினார்கள். உலகத்தில் எத்தனை ஊரில் இப்படி நடந்திருக்கும்!

சாயப்பட்டறைக்காரர்கள் சொன்ன காரணங்களிலும் பொய்யில்லை. கப்பல் தேதி தவறினால் ஆர்டர் போய்விடும். விமானத்தில் அனுப்பினால் லாபம் அத்தனையும் கரைந்துவிடும். சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடிக்கும்வரை பட்டறையை நிறுத்தினால் கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது. எல்லாம் உண்மை. ஆனால் தண்ணீர்ச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் புதிய ஆலைகள் வரக்கூடாது என்று தமிழக அரசு 1989இல் ஆணை போட்டது. சட்டம் தெரியாதவருக்கும் முதல் மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட கட்டளை இருக்கிறது: தோட்டத்தைப் பண்படுத்து, காத்துக்கொள். பண்படுத்துவது மட்டும் நமக்குப் பிடித்திருந்தது. காப்பதற்கு நேரம் பிடிக்கும், நாம் பொறுக்கவில்லை.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளுக்குக் கெடு வைத்தது. கெடு நீண்டது. 2011 ஜனவரி 28ஆம் தேதி, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியேற்றாத ஏற்பாடு வரும்வரை திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச்சொல்லி உத்தரவு வந்தது. பனியன் கம்பெனிகள் நிறைந்த இந்தப் பகுதியில் அந்த மாதங்கள் எப்படிப் போயின என்று நான் எழுதவேண்டியதில்லை. படிக்கிறவர்களில் பலர் அதை வாழ்ந்தவர்கள். தொழிலாளியும் யோனத்தான்தான், அவன் வின்ச்சில் துணி சுற்றினான், கழிவை எங்கே விடுவது என்று முடிவு செய்தவன் அவனில்லை.

இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்தெடுத்து மறுபடியும் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். மிஞ்சுவதைக் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். இது உண்மையான மனந்திரும்புதல். பெரும் கடன் வாங்கிச் செய்தவர்களை நான் மதிக்கிறேன். மனந்திரும்பினால் மன்னிப்பு உண்டு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மன்னிப்பு வேறு, மண்ணில் இறங்கிய உப்பு வேறு. எத்தனையோ மழை பெய்து மெல்ல மெல்லக் கழுவினால்தான் அது இறங்கும். அதுவரை அந்தக் கரையில் விதைக்கிறவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் எதற்கும் அவசரப்பட்டவரில்லை.

சவுல் கில்காலில் பாடம் கற்றிருந்தால் 15ஆம் அதிகாரம் நடந்திருக்காது. அமலேக்கியரின் நல்ல ஆடுமாடுகளை அவன் ஏன் விட்டுவைத்தான், அதற்கும் என்ன காரணம் சொன்னான் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)