குடும்ப வருவாயும் மருத்துவக் காப்பீட்டு மானியமும்

நோய் வந்த பின்னர்க் கையிலுள்ள பொருளை எண்ணிப் பார்த்தல் எந்நாட்டு ஏழைக்கும் உள்ளதே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ, நோய் வருமுன்னரே அரசாங்கம் குடும்பத்தின் வருவாயை அளந்து, காப்பீடு வாங்குதற்கு இவர்க்கு இவ்வளவு மானியம் என்று அறுதியிடுகின்றது. தொழில் தருவோர் வாயிலாகக் காப்பீடு கிடைக்கப்பெறாத மக்களுக்கென 2010-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டத்தின் வழியே இவ்வேற்பாடு 2014 முதல் நடைபெற்று வருகின்றது. அவ்வளவுகோல் யாது, அஃது யாரைத் தாங்குகின்றது, யாரைக் கைவிடுகின்றது என்பவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுகின்றாம்.

ஆண்டுதோறும் அந்நாட்டு நடுவண் அரசு வறுமைக் கோடு ஒன்றை வெளியிடும். 2025-இல் வெளியிட்ட கணக்கின்படி அது தனியொருவர்க்கு 15,650 டாலர். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு 32,150 டாலர். (அலாஸ்காவிற்கும் ஹவாய்க்கும் கணக்கு வேறு.) 2026-ஆம் ஆண்டின் மானியத்திற்கு இதுவே அடிப்படை. ஒரு குடும்பத்தின் வருவாய் இக்கோட்டில் நூற்றுக்கு எவ்வளவு என்று காண்பதே முதல் வேலையாம்.

குடும்பம் என்றவுடன் ஒரு கூரையின்கீழ் ஓரடுப்பில் உண்போரே நம் நினைவிற்கு வருவர். அங்கோ அடுப்பிற்கு மதிப்பில்லை. வருமான வரித் தாளிற்கே மதிப்பு. வரி செலுத்துவோர், அவர்தம் வாழ்க்கைத் துணைவர், அவரது ஆதரவில் வாழ்வோராக அத்தாளிற் காட்டப்பெறுவோர் ஆகியோரே குடும்பத்தார். உடன் வாழும் தமையன் தனித்தாள் கொடுப்பானாயின் அவன் வேறு குடும்பம். தொலைவில் விடுதியில் தங்கிப் பயிலும் மகள் தந்தையின் தாளில் இடம்பெறின் அவள் அக்குடும்பத்தாளே. ஆள் மிகுந்தால் கோடும் உயரும். ஆதலின் ஒரே வருவாய் உடையாருள்ளும் பிள்ளைகள் பலரை உடையார்க்கு மானியம் மிகும்.

வருவாய் என்பதற்கும் சட்டம் தனிப்பொருள் கூறுகின்றது. கூலி, வணிக இலாபம், வட்டி, முதியோர் பெறும் சமூகக் காப்புத் தொகை ஆகியன அதனுள் அடங்கும். உறவினர் அளித்த நன்கொடை அடங்காது. வீடும் நிலமும் பொன்னும் எவ்வளவு உள என்னும் கேள்வியே இல்லை. இஃது எமக்குச் சற்று வியப்பாகவே தோன்றுகின்றது. பெருஞ்சொத்துடையார் ஒருவர் வருவாய் குறைந்த ஓர் ஆண்டில் மானியம் பெறுதலும் கூடுமன்றோ!

இனி, மானியத்தைக் கணக்கிடும் முறை வருமாறு: ஒவ்வொரு வட்டாரத்திலும் வெள்ளித் திட்டம் எனப் பெயரிய காப்பீடுகளுள் கட்டணத்தால் இரண்டாவது குறைந்ததனை அளவாகக் கொள்வர். அதன் பிரீமியத்தில் குடும்பம் தன் வருவாய்க்கேற்ப ஒரு பங்கைத் தான் செலுத்தல் வேண்டும், எஞ்சியதே மானியம். 2026-ஆம் ஆண்டிற்கு அப்பங்கு, வருவாயின் அளவிற்கேற்ப அவ்வருவாயில் நூற்றுக்கு 2.10 முதல் 9.96 வரை விதிக்கப்பட்டுள்ளது. இத்தொகையை முன்னரே பெறுவோர், வரப்போகும் ஆண்டின் வருவாயைத் தாமே மதிப்பிட்டுச் சொல்லுதல் வேண்டும். மதிப்பீட்டினும் வருவாய் மிகுந்தால், மிகையாகப் பெற்றதனை வரியோடு திருப்பிச் செலுத்தவேண்டும். திங்கட் சம்பளக்காரர்க்கு இது எளிது. நாட்கூலியார்க்கும் சிறு வணிகர்க்கும் பெருஞ்சங்கடம். முன்னர்க் குறைந்த வருவாயினர் திருப்பிச் செலுத்துவதற்கு ஓர் உச்ச வரம்பு இருந்தது. 2025-இல் இயற்றிய சட்டம் அவ்வரம்பை 2026-ஆம் வரியாண்டு முதல் எடுத்துவிட்டது.

மூலச் சட்டத்தில் மேலெல்லை ஒன்றும் உண்டு. வறுமைக் கோட்டின் நான்கு மடங்கிற்கு, அதாவது தனியொருவர்க்கு 62,600 டாலருக்கு, மேற்பட்ட வருவாயினர்க்கு மானியம் இல்லை. 2021-இலும் 2022-இலும் இயற்றிய சட்டங்கள் இவ்வெல்லையை நீக்கி மானியத்தையும் பெருக்கின. ஆயினும் 2025 இறுதிவரைக்கும் என்றே அவற்றுக்குக் காலம் வகுக்கப்பட்டிருந்தது. முதியவர் பிரீமியம் இளையவரதைப் போல மும்மடங்கு வரை இருக்கலாமாதலின், இவ்வெல்லையை நூறு டாலரால் தாண்டிய அறுபது வயதினர்க்கு விளையும் இழப்பு மிகப் பெரிது.

மேலெல்லையினும் கொடியது கீழெல்லை. வறுமைக் கோட்டிற்குக் கீழ்ப்பட்ட வருவாயினர்க்குப் பொதுவாக இம்மானியம் இல்லை. சட்டம் இயற்றினோர் ஏழைகளை மறந்தாரல்லர். அவர்களை மெடிக்கெய்டு என்னும் அரசாங்க மருத்துவ உதவித் திட்டம் ஏற்கும் என்று கருதியே இங்ஙனம் வகுத்தனர். ஆனால் அத்திட்டத்தை விரிவாக்குமாறு மாநிலங்களை வற்புறுத்தல் ஆகாது என 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸ், புளோரிடா முதலிய மாநிலங்கள் அதனை விரிவாக்கவில்லை. இதன் விளைவைப் பாருங்கள். மக்கட்பேறில்லாத தொழிலாளி ஒருவர் டெக்சாஸில் ஆண்டிற்கு 15,700 டாலர் ஈட்டின், அளவுத் திட்டத்திற்கு ஏறத்தாழ 330 டாலர் செலுத்தினாற் போதும். 15,000 டாலரே ஈட்டுவாராயின் மெடிக்கெய்டும் இல்லை, மானியமும் இல்லை. முழுப் பிரீமியமும் அவர் தலைமேலதே. வட கரோலினா 2023 டிசம்பரில் மெடிக்கெய்டை விரிவாக்கியது. அங்கு இவ்விடைவெளி மறைந்தது. எல்லைக்கு அப்பாலுள்ள தென் கரோலினா அங்ஙனம் செய்யவில்லை.