மைக்குக்குள் புகுந்த வண்டு!

"அந்த ஆற்றங்கரையிலே தம்பியை இறக்கி வைத்துவிட்டு அம்மா என்ன சொன்னாள் தெரியுமா...?"

பெரியம்மா இத்தனை வருஷமாக வாய் திறக்காத இடம் அது. 1942-ல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு ஓடி வந்த லட்சக்கணக்கானவர்களில் அவள் குடும்பமும் ஒன்று. பெரும்பகுதி கால்நடையாக! அப்போது அவளுக்கு ஏழு வயது. தொண்ணூறு வயதில் ஒரு நாள், "சரி, கேட்டுக் கொள்ளுங்கள்" என்று ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தாள். நான் வீடியோ காமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அவள் புடவைத் தலைப்பில் சின்ன மைக்கைக் குத்தி, ஒன்றரை மணி நேரம் படம் பிடித்தேன்.

இரவு போட்டுப் பார்த்தால், சரியாக ஆற்றங்கரைக் கட்டத்தில், "டிடிட்... டிடிட்... ட்ர்ர்ர்ர்!" மைக்கை வண்டு குடைகிற மாதிரி ஒரு சப்தம். ஒரு வார்த்தை புரியவில்லை.

வண்டு எங்கே இருந்தது என்கிறீர்கள்? பெரியம்மாவின் மடியில்தான்! பேத்தி வாங்கிக் கொடுத்த சின்னஞ்சிறு செல்போன்.

செல்போன் என்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம். நாம் பேசாமல் இருந்தாலும், "இங்கேதான் இருக்கிறேன்" என்று அவ்வப்போது டவருக்குக் குரல் கொடுக்கும். டவர் தூரத்தில் இருந்தால் இன்னும் பலமாகக் கத்தும். பழைய 2ஜி முறையில் எட்டு போன்கள் ஒரே அலைவரிசையைப் பங்கு போட்டுக் கொள்கின்றன. தன் முறை வரும்போது மட்டும் ஒவ்வொன்றும் அலை வீசும். இப்படி விட்டு விட்டு, விநாடிக்குச் சுமார் 217 தடவை. அந்த அலையோ விநாடிக்குத் தொண்ணூறு கோடி முறை துடிப்பது. நம் காதுக்கு எட்டாது. ஆனால் மைக்கின் வயிற்றிலுள்ள சிறு டிரான்ஸிஸ்டர், கோடிக் கணக்கை உதறிவிட்டு, 217-ஐ மட்டும் சப்தமாக்கித் தருகிறது. கிரிஸ்டல் வைத்துப் பையன்கள் ரேடியோ செய்வார்களே, அதே வித்தை. யாரும் கேட்காமலே மைக் ரேடியோவாகிவிட்டது! அதற்கு ஏரியல் வேறு வேண்டுமே? இந்த அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பியே நல்ல ஏரியல். சட்டையில் குத்தும் மைக்கின் கம்பி தாராளமாகப் போதும்.

4ஜி, 5ஜி போன்களில் இந்தத் தொல்லை குறைவுதான். அடியோடு கிடையாது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

முதல் உபாயம் செலவில்லாதது: போனைத் தள்ளி வையுங்கள். ஓர் அடியிலிருந்து மூன்றடிக்கு நகர்த்தினால், மைக்கை எட்டும் சக்தி ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். "எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடிவிடலாமே!" என்றான் என் தங்கை மகன். கெட்டிக்காரன்தான், ஆனால் மூடி இடுக்கில் அலை கசியும். டவர் கிடைக்காத போன் முன்னிலும் உரக்கக் கூவும். அதைவிட 'ஏரோப்ளேன் மோட்' பொத்தானைத் தட்டிவிடுவது உத்தமம். போனிலேயே படம் பிடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கொஞ்சம் பணம் செலவழிக்கத் தயாரா? மூன்று முள் செருகி வைத்த மைக் வாங்குங்கள். அதன் கேபிளுக்குள் இரண்டு கம்பிகள். ஒன்றில் குரல் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறு முனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், இரைச்சல் போய்க் குரல் நிற்கும். கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக வலை முதல் முள்ளில் சேருகிறது. அந்த முள்ளைக் கருவியின் இரும்புப் பெட்டியோடு இணைக்க வேண்டும். உள்ளே சர்க்யூட் பலகையில் இணைத்துவிட்டால், வாசலில் பிடித்த திருடனைக் கூடத்துக்கு அழைத்து வந்த கதைதான்! நீல் மன்சி என்ற ஒலி நிபுணர் 1995-ல் இதை விளக்கி எழுதினார். தொழிலில் இதற்கு 'முதல் முள் தகராறு' என்றே பெயர்.

சில கம்ப்யூட்டர் கம்பிகளில், எலியை விழுங்கிய பாம்பு மாதிரி ஒரு புடைப்பு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது பெரைட் என்ற காந்தப் பொருள். ரேடியோ அலையைத் தின்றுவிடும். தனியாகவும் விற்கிறார்கள். மைக் கம்பி காமராவில் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சார்ஜர், எல்.ஈ.டி. விளக்கு இவற்றின் கம்பிகளோடு மைக் கம்பியைப் பின்னலாக ஓட விடாதீர்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டாமல் படம் பிடிக்கிறவரை என்ன சொல்வது! அன்றைக்கு நான் அப்படித்தான் இருந்தேன். மாட்டியிருந்தால் முதல் 'டிடிட்'டிலேயே, "பெரியம்மா, ஒரு நிமிஷம்" என்று நிறுத்தியிருக்கலாம்.

திரும்பச் சொல்லும்படி கேட்க எனக்கு ஒரு மாதம் தைரியம் வரவில்லை. கடைசியில் கேட்டேன். வீட்டிலுள்ள ஏழு போன்களும் வாயடைத்துச் சமையலறை அலமாரிக்குப் போயின. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

"அது என்னடா காதிலே?" என்றாள் பெரியம்மா.

"நீ சொல்வதைக் கேட்கத்தான்."

கொஞ்ச நேரம் ஊஞ்சல் சங்கிலி மட்டும் கிறீச்சிட்டது. "அந்த ஆற்றங்கரையிலே..." என்று ஆரம்பித்தாள்.