வில்லன் பாடிய கதாநாயகன் பாட்டு

கூலிமிலிருந்து கெடா எல்லையைத் தாண்டினால் அடுத்த பெரிய ஊர் புக்கிட் மெர்தாஜாம். 1948இல் அங்கே ஒரு மேடையில் பாடிய பினாங்குப் பையனை, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ் கேட்டார். கையோடு சினிமாவுக்கு அழைத்தார். அந்தப் பையன்தான் பி. ராம்லி. அதே ஆண்டு வெளிவந்த 'சிந்தா' படத்தில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேடம். ஆனால் கதாநாயகன் ரோமாய் நோர் வாயசைத்த பாட்டுகளைப் பாடியதும் அவரே. திரையில் எதிரிகள் இருவர், குரல் ஒன்று.

இதை எடுத்த மலாய் ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ், ஷா பிரதர்ஸ் என்ற பெரிய நிறுவனத்துக்குள் 1947இல் பிறந்த கம்பெனி. ஷாங்காயிலிருந்து வந்த ஷா சகோதரர்களிடம் ஊர் ஊராகத் தியேட்டர்கள் இருந்தன. மலாய்ப் படம் வேண்டியிருந்தது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஸ்டூடியோ அமைத்து, இயக்குநர்களை இந்தியாவிலிருந்து வரவழைத்தார்கள். எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், கே.எம். பாஸ்கர் என்ற பெயர்களைப் பழைய மலாய்ப் படங்களின் எழுத்துகளில் காணலாம். ராம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) கிருஷ்ணன் இயக்கியது.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அந்த ஸ்டூடியோ பழகிய இடமாகவே தெரியும். மாதச் சம்பளம், பக்கத்திலேயே கம்பெனி வீடு, சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். 1957இல் நடிகர் சங்கமான பெர்சாமா அங்கே வேலைநிறுத்தம்கூட நடத்தியது.

இந்தியாவிலிருந்து வந்தவர்களோடு ஒரு தொழிலும் வந்தது: பின்னணிப் பாட்டு. கல்கத்தாவில் 1935இல் தொடங்கி, 1938இல் ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' வழியாகத் தமிழுக்கு வந்த முறை அது. முதலில் பாட்டைத் தனியாகப் பதிவார்கள். காந்த நாடா பரவாத காலத்தில் ஒலியையும் ஒளியாக மாற்றி ஃபிலிமில்தான் பதிய வேண்டும். கழுவி எடுத்த பிறகே காதால் கேட்க முடியும். வாத்தியக்காரரும் பாடகரும் ஒன்றாக வாசித்துப் பாடுவதால், ஒருவர் பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. பிறகு படப்பிடிப்புத் தளத்தில் அந்தப் பாட்டை ஒலிபெருக்கியில் போடுவார்கள், நடிகர் வாயசைப்பார். நொடிக்கு 24 படம் வீதம் ஓடும் கேமராவில் விழுந்த உதடுகளை வெட்டும் மேசையில் பாட்டோடு பொருத்துவார்கள். மூன்று நான்கு படம் தள்ளிப்போனாலே கண் கண்டுபிடித்துவிடும்.

இவ்வளவு பாடும் வீணாகாமல் இருக்க வேண்டிய கடைசி இடம், என்னைக் கேட்டால், தோட்டத்துத் திடல்தான். வெள்ளைத் துணி கட்டி, 16 மில்லிமீட்டர் புரொஜெக்டரை மேசைமேல் வைத்துப் படம் காட்டிய நாள்கள் பாடாங் செராய், பீடோங் பக்கத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கருவிக்குள் ஓர் இக்கட்டு உண்டு. படம் தெளிவாக விழ, விளக்கின் முன் ஃபிலிம் நொடிக்கு 24 முறை நின்று நின்று நகர வேண்டும். ஒலிக்கோ அது நிற்காமல் சீராக ஓட வேண்டும். நின்றால் குரல் நடுங்கும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்ய முடியாது. ஆகவே ஃபிலிமின் ஓரத்தில் இருக்கும் ஒலியை, அதற்குரிய படத்துக்கு 26 படம் முன்னதாகவே அச்சிடுகிறார்கள். நடுவே ஃபிலிம் ஒரு தளர்ந்த வளையமாகத் தொங்கி, நின்று நின்று வரும் அசைவை வாங்கிக்கொள்ளும். அப்பால் ஓர் உருளைமேல் சீராக ஓடும்போது, ஒரு சின்ன விளக்கும் ஒளி உணரும் குழாயும் ஒலியைப் படிக்கும்.

அந்த வளையத்தைக் கையால் விடுபவர் படம் காட்ட வந்தவர். 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்தின் உயரம் 8 மில்லிமீட்டருக்கும் குறைவு. வளையத்தில் இரண்டு விரற்கடை கூடினாலோ குறைந்தாலோ நாலைந்து படம் தவறிவிடும். பாட்டு ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். புழுதியும் பூச்சியும் மொய்க்கும் வெளிச்சத்தில் அளவு பார்த்து அதைச் சுற்றிவிட்டுத்தான் அவர் விசையைத் தட்டுவார்.