பயாப்ஸி என்றாலே புற்றுநோயா?

டாக்டர் பயாப்ஸி எழுதிக் கொடுத்ததும் வீட்டில் புற்றுநோய் என்றே முடிவு கட்டிவிடுகிறோம். கழுத்தில் வாரக்கணக்கில் வடியாத நெறிக்கட்டி நம் நாட்டில் பல நேரம் காசநோயாக இருக்கிறது. பெரியவர்கள் கண்டமாலை என்றது பெரும்பாலும் இதைத்தான். எது என்று தொட்டுப் பார்த்தோ ஸ்கேனிலோ உறுதியாகச் சொல்ல முடியாது.

முதலில் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து சிறிது உறிஞ்சிப் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. அதில் தெளிவாகாவிட்டால், மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு கட்டியை எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பெண்கள், பெண் நர்ஸ் உடனிருக்க வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

இன்னொன்றையும் முன்பே கேளுங்கள். எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் காசநோய்க் கிருமி செத்துவிடும், பிறகு வளர்த்துப் பார்க்க முடியாது. ஒரு துண்டை சலைனில் வைத்துக் காசநோய்ச் சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரும் முன் யார் சொன்னாலும் ஸ்டீராய்டு மாத்திரை வேண்டாம். கட்டி வடிந்து நோய் மறைந்துகொள்ளும்.

கல்யாண வயதுப் பெண் என்று இதை மறைக்கும் வீடுகள் உண்டு. நுரையீரலில் இல்லாமல் நெறிக்கட்டியில் மட்டும் உள்ள காசநோய் அடுத்தவருக்குத் தொற்றாது. வழக்கமாக 6 மாத மாத்திரை. அரசு மருத்துவமனையில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பதியும்போது பாஸ்புக் நகலைக் கொண்டு போங்கள்.