சாப்பிட்ட பிறகும் சர்க்கரை இறங்குமா?

சந்திரகிரி பக்கம் சீனிவாச மங்காபுரத்திலிருந்து ஸ்ரீவாரி மெட்டு வழியாகத் திருமலைக்கு நடப்பவர்கள், விடியற்காலையில் டிபனை முடித்துக்கொண்டு படியேறத் தொடங்குவார்கள். ஏறத்தாழ 2,400 படிகள். மேலே போய் க்யூவில் நிற்கும்போது சிலருக்குக் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கொலைப்பசி எடுக்கும். “வெறும் வயிற்றோடு ஏறினாயா?” என்று கூட வந்தவர் கேட்பார். நாலு இட்லியும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே போய் மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

இதற்குக் களைப்பு, நீரிழப்பு என்று பல காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவது. மருத்துவர்கள் இதை ரியாக்டிவ் ஹைப்போகிளைசீமியா என்பார்கள். பெரும்பாலும் சாப்பிட்ட இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் வரும்.

உள்ளே நடப்பது என்ன?

நம் ரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான். சோறும் இனிப்பும் செரித்து அந்த அளவு ஏறியதும் கணையம் இன்சுலினைச் சுரந்து அதை இறக்குகிறது. சிலருக்கு இன்சுலின் தாமதமாக வருகிறது. வரும்போது தேவைக்கு மேல் வருகிறது. அதற்குள் உணவுச் சர்க்கரை தானாகவே இறங்கத் தொடங்கியிருக்கும். இன்சுலின் அதை இன்னும் கீழே தள்ளிவிடுகிறது. பந்தி கலைகிற நேரத்தில் இலை போடுகிறவர் முழுக் கட்டோடு வந்து நிற்பதைப் போன்றது இது.

அளவு இறங்கியதும் உடல் அட்ரினலினை விடுகிறது. நடுக்கமும் படபடப்பும் அதன் வேலை; வியர்வையும் பசியும் கூடவே வரும். இன்னும் இறங்கினால் மூளைக்குக் குளுக்கோஸ் போதாமல் தலை கிறுகிறுக்கும், பார்வை மங்கும், பேச்சு குழறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும்.

யாருக்கு வருகிறது?

இரைப்பை அறுவை சிகிச்சையோ, உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சையோ செய்துகொண்டவர்களுக்கு வரலாம். அவர்களுக்கு உணவு குடலுக்குள் வேகமாக இறங்கிவிடுவதே காரணம். சர்க்கரை நோயின் முந்தைய நிலையில் இருக்கும் சிலருக்கும் வரும். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். – இன்டியாப் (INDIAB) ஆய்வின் மதிப்பீட்டில் நம் நாட்டில் இந்த முந்தைய நிலையில் 13.6 கோடிப் பேர் இருக்கிறார்கள். சிலருக்குக் காரணமே பிடிபடுவதில்லை.

அறிகுறி மட்டும் போதாது

படபடப்பு வந்ததாலேயே ‘லோ சுகர்’ என்று முடிவுகட்டக் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, பதற்றம், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் இப்படித்தான் இருக்கும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930-களில் வகுத்த மூன்று நிபந்தனைகளை மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள்: அறிகுறி இருக்க வேண்டும், அதே நேரத்தில் அளந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும், அளவு ஏறியதும் அறிகுறி மறைய வேண்டும்.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கு டெசிலிட்டருக்கு 55 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது கவனிக்க வேண்டிய அளவு. வீட்டு குளுக்கோமீட்டர் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காட்டும் என்பதால், சிரையிலிருந்து ரத்தம் எடுத்து லேபில் உறுதிசெய்வார்கள். வெறும் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்க வைத்து மணிக்கணக்கில் பார்த்தால் ஆரோக்கியமானவர்களுக்கும் அளவு தாழ்வதுண்டு. அதனால் வழக்கமான சாப்பாட்டைக் கொடுத்துப் பரிசோதிப்பதே இதற்குப் பொருத்தம்.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

உட்காருங்கள், வண்டி ஓட்டினால் ஓரம் கட்டுங்கள். மீட்டர் கையில் இருந்தால் உடனே அளந்துவிடுங்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். தெளிந்ததும் சுண்டலோ வேர்க்கடலையோ முட்டையோ சாப்பிடுங்கள். இனிப்போடு நிறுத்தினால் இன்சுலின் மறுபடி பொங்கி அளவு மறுபடி சரியலாம். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

அன்றாடச் சாப்பாடு

நடுக்கத்தைச் சர்க்கரைத் தண்ணீர் நிறுத்தும். அது மறுபடி வராமல் தடுப்பது அதற்கு முன் சாப்பிட்ட சாப்பாடுதான். வெறும் வயிற்றில் கரும்புச்சாறு, சர்க்கரை போட்ட காபி, குளிர்பானம் வேண்டாம். சித்தூர்ச் சீமையில் வெல்லத்துக்குக் குறைவில்லை. ஆனால் வெல்லமும் சர்க்கரையைப் போலவே ரத்தத்தில் ஏறும். லட்டு பிரசாதத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாம்.

கேழ்வரகு என்றாலே சர்க்கரை ஏறாது என்று நம்புகிறவர்கள் உண்டு. கேழ்வரகுக் களியான சங்கடியில் அரிசியும் சேர்கிறது; பெரிய உருண்டை என்றால் மாவுச்சத்தும் அதிகம்தான். மாவைக் கரைத்துக் காய்ச்சிய கூழ் இன்னும் வேகமாகச் செரிக்கும். ஆகவே உருண்டையைச் சிறிதாக்கி, பருப்பு, கீரை, வேர்க்கடலைத் துவையல், கோழிக்குழம்பு ஆகியவற்றைக் கூட்டுங்கள். இட்லியை நாலிலிருந்து இரண்டாகக் குறைத்து சாம்பாரையும் சட்னியையும் தாராளமாக்குங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சமாகச் சாப்பிடுவது பலருக்கு உதவுகிறது. படியேறப் போகிறவர்கள் மடியில் வறுத்த கடலையும் கொஞ்சம் சர்க்கரையும் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

சாப்பாட்டுக்குப் பின் அல்லாமல், விடியற்காலையிலோ நீண்ட நேரம் சாப்பிடாதபோதோ சர்க்கரை தாழ்ந்தால் விஷயம் வேறு. கணையத்தில் கட்டி, அட்ரினல் சுரப்பிக் குறைபாடு போன்றவற்றைத் தேட வேண்டும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குத் தாழ்ந்தால் மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். வீட்டில் ஒருவரின் மாத்திரையை இன்னொருவர் தவறி விழுங்கியிருக்கிறாரா என்பதையும் பாருங்கள். திருப்பதி சுவிம்ஸ் மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனித் துறை இருக்கிறது.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, அறிகுறி எப்போது வந்தது, மீட்டர் என்ன காட்டியது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.