தடித்த சாய்வெழுத்து: டைம்ஸ் நியூ ரோமன்

ஈய அச்செழுத்துகள், காரீயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலந்த வார்ப்பு

லண்டனின் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்காக ஸ்டான்லி மோரிசன் மேற்பார்வையில் விக்டர் லார்டென்ட் வரைந்த எழுத்துக் குடும்பம் இது. 1932 அக்டோபர் 3 அன்று அந்நாளிதழில் முதன்முதலாக அச்சேறியது. இங்கிருப்பவை அக்குடும்பத்தின் தடித்த சாய்வு வடிவங்கள். கோடுகளின் முனையில் தெரியும் சிறு கொக்கிகளே செரிஃப்.

இவை நேரெழுத்தை அப்படியே சரித்து வைத்தவை அல்ல. நேரெழுத்தில் இரண்டு அடுக்காக நிற்கும் சிறிய ‘ஏ’, இங்கே கையெழுத்துப்போல ஒற்றை வளையமாகிவிடுகிறது. சிறிய ‘எஃப்’ எழுத்தைக் குனிந்து பாருங்கள்: வளைந்த நுனி ஈயக் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கைதவறினால் முதலில் உடைவது அதுதான்.

சாய்வெழுத்து பழையது. 1501இல் வெனிஸில் அச்சாளர் ஆல்டஸ் மனுஷியஸ் வெளியிட்ட, ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் நூற்பதிப்பு முழுவதும் சாய்வெழுத்தில் அமைந்தது. எழுத்தைத் தடிப்பாக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டு விளம்பரங்களோடு பரவியது.

தடித்த தலைப்புக்குள் உயிரினத்தின் லத்தீன் பெயரை எழுதவும், இயற்பியலில் வெக்டர் அளவைக் குறிக்கவும் இவ்வடிவம் பயன்படுகிறது. பத்தி முழுவதையும் இதில் கோத்தால் கண் சீக்கிரம் களைத்துவிடும்.