நன்றி கேட்கும் வீடு

டயானா வின் ஜோன்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் 1975-ஆம் ஆண்டில் ‘லூக்கின் எட்டு நாட்கள்’ என்றொரு சிறுவர் புதினம் வெளியிட்டார். சிறுவர்க்கென எழுதப்பட்டதாயினும், பெற்றோரே முதலில் படிக்கத்தக்கது என்பது நம் கருத்து.

டேவிட் தாய் தந்தையை இழந்தவன். உறவினர் வீட்டில் வளர்கிறான். பள்ளி விடுமுறைக்கு அவன் வீடு திரும்புவது அங்கே எவருக்கும் உவப்பன்று. உணவு வேளைதோறும், தங்களுக்கு அவன் எத்துணை நன்றிக்கடன் பட்டிருக்கிறான் என்று பெரியவர்கள் நினைவூட்டுகின்றனர். ‘சோறு போட்டு வளர்த்தோம்’ என்று நம் இல்லங்களிலும் சொல்லக் கேட்கிறோம் அன்றோ!

ஒருநாள் சினம் தாளாமல், தோட்டத்தில் நின்று பொருளற்ற ஒலிகளைச் சாபம்போல் உரக்கக் கூறுகிறான். மதில் இடிகிறது, பாம்புகள் சீறுகின்றன, லூக் என்னும் சிறுவன் தோன்றுகிறான். தன்னைச் சிறைமீட்டமைக்காக டேவிட்டுக்கு அவன் நன்றி கூறுகிறான், எவரும் கேளாமலே!

லூக் யார்? வடபுல மக்களின் பழங்கதைகளில் வரும் லோக்கி என்னும் குறும்புத் தேவனே அவன். அவனைத் தேடி ஏனைய தேவர்கள் தத்தம் கிழமைகளில் வருகின்றனர். உரோமையர் கோள்களின் பெயரால் வழங்கிய கிழமைகளுக்கு வடவர் தம் தேவர்களின் பெயர்களை இட்டனர். ஆங்கிலத்தில் நம் செவ்வாய் தீர் என்பவனுக்கும், புதன் வோடனுக்கும், வியாழன் தோருக்கும் உரியவை. (திருச்சபையின் இலத்தீன் வழக்கோ கிழமைகளை எண்ணால் குறித்தது, போர்ச்சுக்கீசியர்க்குத் திங்கள் இன்றும் ‘இரண்டாம் நாள்’தான்.) புறச்சமயத் தேவர்களின் கதை நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று தயங்குவோர் ஒன்றை அறிதல் நன்று: 13-ஆம் நூற்றாண்டில் இக்கதைகளைத் தொகுத்து எழுதிக் காத்த ஸ்னோரி ஸ்டுர்லுசன், ஐஸ்லாந்து நாட்டுக் கிறிஸ்தவரே.

புதன்கிழமை வரும் ஒற்றைக்கண் பெரியவர் டேவிட்டுக்கு விருந்தளித்து, இனிமையாகப் பேசி, லூக்கைப் பற்றி வினவுகிறார். டேவிட்டுக்கு அவரையும் பிடித்திருக்கிறது. ஆயினும் நண்பனைக் காட்டிக் கொடுக்க மனம் இசையவில்லை. அதற்காக அவன் நட்பில் கண்மூடியவனும் அல்லன். லூக் விளையாட்டாக ஒரு கட்டடத்தில் தீ மூட்டும்போது, உள்ளே மனிதர்கள் இருக்கின்றனர் என்று தடுப்பவன் அவனே. நன்றியைப் பற்றி ஓயாது பேசிய வீட்டார் எவரும் அவனுக்கு இதைக் கற்பித்ததாகத் தெரியவில்லை.

அந்த வீட்டார் அவனுக்குரிய பணத்தில்தான் வாழ்ந்து வந்தனர் என்பது இறுதியில் வெளிப்படுகிறது.

1934-இல் பிறந்து 2011-இல் மறைந்த ஆசிரியை, பெற்றோரின் புறக்கணிப்பை இளமையில் அறிந்தவர். தந்தையார் ஒரு நூல் தொகுதியை வாங்கிப் பூட்டி வைத்து, மூன்று பெண்மக்களுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒரே நூலை அளித்தாராம்!

கதையில் நம்மை மிகவும் கவர்ந்தவள் ஆஸ்ட்ரிட். அவ்வீட்டு மருமகளாகிய அவள், தொடக்கத்தில் ஓயாது தலைவலி என்று முறையிடுபவளாகவே காட்சியளிக்கிறாள். அவளும் அதே வீட்டில் அன்றாடம் ஏச்சுக் கேட்பவளே என்பது டேவிட்டுக்கு மெல்ல மெல்லப் புலப்படுகிறது. மற்றவர்கள் ஓடிப்போன பின்னர் அவனுக்குத் துணையாக எஞ்சுபவள் அவளே.